லிங்கன் படக் கம்பெனி

சரித்திர ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்கத் திரைப்படக் கம்பெனி ஒன்றின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, ஹாலிவுட்டின் மாபெரும் ஸ்தாபனங்களுள் ஒன்றையே நான் எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். அவற்றின் பெருமையைப் பேச வேறு பலர் உளர். நான் சொல்லப் புகுவது, ஐந்தே கதைப் படங்களை எடுத்து, ஏழாண்டுகளில் மறைந்துபோன ஒரு சிறு கம்பெனியின் கதை. லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி என்பது அதன் பெயர்.

அது ஏன் தோன்றியது என்பதை அறிய, 1915-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் டி. டபிள்யூ. கிரிஃபித் என்னும் இயக்குநர், 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற பேசாப்படத்தை வெளியிட்டார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரும், அதன் பின் விடுதலை பெற்ற அடிமைகளின் நிலையும் அதன் பொருள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய அப்படத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் காமுகராகவும் கயவராகவும் காட்டப்பட்டனர். முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் வெள்ளையரே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தனர். முகமூடி அணிந்து கொலையும் கொள்ளி வைப்பும் செய்து திரிந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார், நாட்டை மீட்க வந்த வீரர்களாகச் சித்திரிக்கப்பட்டனர். தொழில் நுட்பத்தில் அப்படம் மிகச் சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அச்சிறப்பே அதன் தீமையைப் பெருக்கிற்று. மறைந்து கிடந்த கிளான் இயக்கம் அதே ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் உயிர் பெற்றது.

கறுப்பின மக்களின் சங்கங்கள் கண்டனக் கூட்டங்கள் நடத்தின; படத்தைத் தடை செய்யுமாறு பல நகரங்களில் வேண்டின. சிலரோ, வேறொரு வழியையும் நாடினர். தங்கள் வாழ்வைத் தாங்களே படமாக எடுத்துக் காட்டுவது என்பது அவ்வழி. சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் என்பவர் இதற்கு முன்பே சிறு நகைச்சுவைப் படங்களை எடுத்திருந்தார். ஆயினும் கதையிலும் நடிப்பிலும் கண்ணியம் ஒன்றையே குறியாகக் கொண்டு 1916-இல் புறப்பட்டது லிங்கன் கம்பெனிதான். அடிமை விடுதலைப் பிரகடனம் செய்த குடியரசுத் தலைவரின் பெயரை அவர்கள் பூண்டுகொண்டதன் காரணத்தை மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியின் உயிர்நாடி நோபிள் ஜான்சன் என்ற நடிகர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், கட்டமைந்த உடல், குதிரைகளைப் பழக்குவதில் தேர்ச்சி. யூனிவர்சல் கம்பெனியின் படங்களில் செவ்விந்தியராகவும் பிற நாட்டவராகவும் நடித்துச் சம்பளம் பெற்று வந்தார். அச்சம்பளம் லிங்கன் கம்பெனிக்கும் ஊன்றுகோலாயிற்று. கிளாரன்ஸ் புரூக்ஸ் என்ற நடிகர் செயலாளர். மருந்து வணிகரான ஜேம்ஸ் ஸ்மித் பொருளாளர். காமிராவை இயக்கிய ஹாரி காண்ட் மட்டும் வெள்ளையர். படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது.

முதற் படம், 'ஒரு நீக்ரோவின் குறிக்கோள் நிறைவேறியது' என்னும் பொருள்படும் பெயர் கொண்டது. அப்பெயரில் உள்ள சொல் அக்காலத்து வழக்கு. இன்று எவரும் அதைக் கையாளுவதில்லை. கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜேம்ஸ் பர்ட்டன் என்ற இளைஞன், டஸ்கெஜீ கல்வி நிலையத்தில் பயின்று எஞ்சினீயர் ஆகிறான். தந்தையின் பண்ணையையும் காதலியையும் விட்டுக் கலிபோர்னியாவுக்குச் செல்கிறான். எண்ணெய் வயல் ஒன்றில் வேலை கேட்கிறான். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிடுகிறார்கள். வெறுங்கையோடு திரும்பும் வழியில், மிரண்டோடும் குதிரை வண்டியில் சிக்கிய ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவள் எண்ணெய் வயல் முதலாளியின் மகள். நன்றி மிகுந்த முதலாளி, எண்ணெய் தேடும் குழுவுக்கு அவனையே தலைவனாக்குகிறார். அங்கே நிலத்தின் அமைப்பை ஆராயும்போதுதான், தன் தந்தையின் பண்ணை நிலமும் இதே தன்மையுடையது என்பது அவனுக்குப் புலனாகிறது. ஊர் திரும்புகிறான், எண்ணெய் கிடைக்கிறது, திருமணமும் நடக்கிறது.

தற்செயல்கள் மலிந்த கதை என்று இலக்கிய மாணவர்கள் குறை கூறலாம். நானும் அவ்வாறே கூறுவேன். ஆனால் கொட்டகையில் அமர்ந்து அதைக் கண்டவர்களை நினைத்துப் பாருங்கள். அதுகாறும் வெண்திரையில் அவர்கள் கண்ட தம் இனத்தவர் யார்? கோழி திருடுபவன், பேய்க்குப் பயந்து ஓடுபவன், எசமானின் காலடியில் கிடப்பவன். இப்போதோ, படித்த ஓர் எஞ்சினீயர், நிலநூல் அறிந்தவன், தன் அறிவினால் தன் நிலத்தில் செல்வம் காண்பவன். கதாநாயகனாக நோபிள் ஜான்சனே நடித்தார். இரண்டே சுருள்கள் கொண்ட சிறு படம் அது.

அடுத்து வந்தது 'கே படைப்பிரிவின் வீரன்' என்னும் படம். 1916 ஜூன் 21-ஆம் நாள், மெக்ஸிகோவில் காரிசால் என்னும் ஊரில், கறுப்பின வீரர்கள் அடங்கிய பத்தாவது குதிரைப்படையின் பிரிவுகள் மெக்ஸிகோப் படையோடு மோதித் தோல்வியுற்றன, பலர் மாண்டனர். சில திங்களே கழிந்திருந்த அந்நிகழ்ச்சியை வைத்துக் கதை புனைந்தார்கள். தொடர்ந்து 1917-இல் 'இயற்கையின் நியதி', 1919-இல் 'ஒரு மனிதனின் கடமை' என்ற படங்கள் வெளிவந்தன.

இனி வரவு செலவுக்கு வருவோம். படம் எடுப்பதைவிட அதைக் காட்டுவது கடினமாக இருந்தது. தென் மாநிலங்களின் சட்டமும் வடக்கே ஊர் வழக்கமும் கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி வைத்த காலம் அது. அவர்களுக்கெனத் திறந்திருந்த கொட்டகைகள் சிலவே. மாதா கோயில் மண்டபங்களிலும் பள்ளிகளிலுங்கூடக் காட்ட வேண்டியிருந்தது. கையில் இருந்த பிரதிகளும் மிகக் குறைவு. ஓர் ஊரில் ஓடி முடிந்த பிரதி ரயிலேறி அடுத்த ஊருக்குச் சென்றால்தான் அங்கே காட்சி. ஒரு படத்தின் வசூல் அடுத்த படத்தின் செலவுக்கு ஒருபோதும் போதவில்லை.

இந்தச் சுமையைத் தாங்கியவர் நோபிளின் தம்பி ஜார்ஜ் ஜான்சன். நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத் தபாலாபீசில் குமாஸ்தா. உத்தியோக நேரம் போக எஞ்சிய பொழுதில், கொட்டகைக்காரர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதி, ஊர் ஊராகப் பிரதிகளை அனுப்பி, கணக்குக் கேட்டு, நாடு தழுவிய விநியோகத்தை நடத்தி வந்தார்.

1918-இல் கம்பெனிக்குப் பேரிடி விழுந்தது. நோபிள் ஜான்சன் விலகினார். அவர் நடித்த யூனிவர்சல் படங்களைவிட லிங்கன் படங்களுக்கே கறுப்பின மக்கள் திரண்டமையால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு யூனிவர்சல் கம்பெனி அவரை நெருக்கியது என்று கூறப்படுகிறது. குடும்பம் நடத்தச் சம்பளம் வேண்டுமல்லவா? அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கதாநாயகன் வேடம் அதன் பின் கிளாரன்ஸ் புரூக்ஸுக்கு வந்தது.

அதே ஆண்டில் இன்னொரு வாய்ப்பும் கைநழுவிற்று. தெற்கு டகோட்டாவில் நிலம் திருத்திப் பயிர் செய்து, பின் எழுத்தாளரான ஆஸ்கர் மிஷோ என்பவரின் நாவலைப் படமாக்க ஜார்ஜ் விரும்பினார். படப்பிடிப்பைத் தாமே மேற்பார்ப்பதாக மிஷோ பிடிவாதம் பிடித்தார், கம்பெனியார் இசையவில்லை. பேச்சு முறிந்தது. மிஷோ தாமே பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, 1919-இல் அதை எட்டுச் சுருள் படமாக வெளியிட்டார். பிற்காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். லிங்கன் கம்பெனியார் அன்று சற்று விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதனிடையே இன்ஃப்ளுயன்ஸாக் கொள்ளைநோய் பரவிப் பல நகரங்களில் கொட்டகைகள் அடைக்கப்பட்டன. 1921-இல் 'பிறப்புரிமை' என்ற ஆறு சுருள் படத்தை மிகுந்த முயற்சியோடு வெளியிட்டார்கள். ஜார்ஜ் எழுதிய கதை. அதுவே கடைசி. 1923-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், அறுபதாண்டுச் சேர்க்கைப் பதிவேடுகளைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் விடுப்பில் இருந்த வாரம் அது. திரும்பி வந்து கேட்டதற்கு, "இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, ஐயா" என்றார்கள். எத்தனை குடும்பங்களில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பிள்ளையின் பெயர் அதில் இருந்திருக்கும் என்று நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை.

ஜார்ஜ் ஜான்சன் எதையும் எடைக்குப் போடவில்லை. கம்பெனி மூடிய பிறகும் தபாலாபீஸ் வேலையிலேயே இருந்துகொண்டு, கடிதங்கள், சுவரொட்டிகள், விளம்பரத் தாள்கள், பத்திரிகைத் துணுக்குகள் அனைத்தையும் பாதுகாத்தார். தம் கம்பெனியினுடையவை மாத்திரம் அல்ல; கறுப்பின மக்கள் சம்பந்தப்பட்ட படம் எதைப் பற்றிய செய்தியாயினும் வெட்டி ஒட்டி வைத்தார். அத்தொகுப்பு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. 1967, 1968 ஆண்டுகளில் அப்பல்கலைக்கழகத்தார் அவருடைய நினைவுகளை அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிந்தும் வைத்தனர். 1977-இல் அவர் காலமானார். மறு ஆண்டு அண்ணனும் காலமானார்.

படங்களோ அழிந்தன. அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீக்குத் தப்பினாலும் நாளடைவில் தானே மக்கிப் பொடியாவது. ஐந்து கதைப் படங்களில் இன்று நமக்குக் கிடைப்பது 'பிறப்புரிமை'யின் சில துண்டுகளே. ஓட்டிப் பார்த்தால் நான்கு நிமிடம் வரும். நோபிள் ஜான்சனை 1933-இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தில், தீவுவாசிகளின் தலைவனாகச் சிறகு சூடி நிற்கக் காணலாம். எஞ்சினீயர் ஜேம்ஸ் பர்ட்டனாக அவர் நடித்ததைக் காண வழியில்லை. அப்படி ஒரு வேடம் இருந்தது என்பதையே தம்பி சேர்த்து வைத்த தாள்களும் அந்நாளையப் பத்திரிகைகளுமே நமக்குச் சொல்கின்றன. கல்லூரி மாணவர்கள் அந்த நான்கு நிமிடத் துண்டைப் பார்க்க நேர்ந்தால், இரண்டு முறை பார்க்கட்டும்: முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை, பின்னால் நிற்பவர்களின் உடைகளையும் முகங்களையும் பார்ப்பதற்காக.