அரிவாள் கலம் பிறந்த கதை

"மிஸ், இது சிறாம்பியடி ஆக்களுக்கு வாற வருத்தம்தானே?"

பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. கேட்டவள் புத்தளத்துப் பிள்ளை. தாதியர் பயிற்சிக்கு வந்து ஆறு மாதம். கேள்வியை நான் பிழையாக எடுக்கவில்லை. அரிவாள்கலச் சோகை ஆபிரிக்காவின் நோய் என்று எங்கோ படித்திருக்கிறாள், புத்தளத்துக்குப் பக்கத்தில் ஆபிரிக்க வழிவந்தவர்கள் இருப்பது சிறாம்பியடியில். ஊர் காப்பிலியர் என்று சொல்லும் அந்தக் குடும்பங்களின் முன்னோரைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என மூன்று ஆட்சிக்காரரும் கப்பலில் கொண்டுவந்தார்கள். பிரித்தானியரின் ஆபிரிக்கப் படைப்பிரிவு 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபோது சிப்பாய்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். போத்தலையும் சிரட்டையையும் தட்டி, போர்த்துக்கேயக் கிரியோலில் அவர்கள் பாடும் மாஞ்சா இன்றும் இருக்கிறது. இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்றாள் பிள்ளை. கணக்கு அங்கேதான் பிழைத்தது.

அந்தப் பிழைக்கும் ஒரு பிறந்த இடம் உண்டு. 1904 டிசம்பரில் சிக்காகோ வைத்தியசாலை ஒன்றில் வோல்ற்றர் கிளெமென்ட் நோயெல் என்ற கறுப்பின மாணவர் சேர்க்கப்பட்டார். கிரெனடாத் தீவிலிருந்து பல் வைத்தியம் படிக்க வந்தவர். பயிற்சி வைத்தியர் ஏர்னெஸ்ட் ஐரன்ஸ் அவருடைய குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய செங்குழியங்கள் சில நீண்டு வளைந்து கிடந்தன. மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் அதை 1910இல் கட்டுரையாக்கினார். கலத்துக்கு அரிவாளை உவமை சொன்னது அந்தக் கட்டுரைதான். 1922இல் வேர்ன் மேசன் நோய்க்கே அரிவாள்கலச் சோகை என்று பெயர் வைத்தார். அதுவரை வெளிவந்திருந்த நோயாளிகள் நாலே பேர், நால்வரும் கறுப்பினத்தவர். அதையும் அவர் குறித்துவைக்க, முகத்தைப் பார்த்து நோயை ஊகிக்கும் பழக்கம் பாடநூலில் ஏறிவிட்டது. நாலு பேரை வைத்து ஒரு இனத்துக்கே முத்திரை குத்தியதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த முத்திரை உடைந்தது தமிழ்நாட்டு மலையில். 1952இல் ஹெர்மன் லெஹ்மனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் அதே அரிவாளைக் கண்டார்கள்.

கண்டுபிடிக்கும் வித்தை எளிது. கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி குருதி, அதன்மேல் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசல் ஒரு துளி. மூடிக் கண்ணாடியை வைத்து, காற்றுப் புகாதபடி ஓரம் முழுக்க வஸ்லின் பூச வேண்டும். கரைசல் ஒட்சிசனை உறிஞ்சிவிடும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். அப்பம் மாதிரி நடுவில் குழிந்து இருந்த கலம் மெல்ல ஒரு பக்கம் இழுபடும், முனை கூராகும், பிறை போல வளையும். உள்ளே நடப்பது இதுதான்: ஒட்சிசனை விட்ட ஈமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகி, கலத்தை உள்ளிருந்தே முட்டித் தள்ளுகின்றன. கலத்தில் நீர் குறைந்தால் ஒட்டுவது இன்னும் வேகமாகும். உப்பளத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். உப்புத் தண்ணீரில் விழுந்த கலம் நீரை இழந்து சுருங்கும் என்பதைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். நோவோடு வரும் நோயாளிக்கு நீராகாரம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு நான் சொல்லத் தேவையே இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு எழுத்து. 11ஆம் நிறமூர்த்தத்தில் பீற்றா குளோபின் பரம்பரையலகில் ஓர் ஏ இருந்த இடத்தில் ரீ வந்துவிட்டது. அதனால் குளூற்றாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வலீன். புரதத்தில் இந்த மாற்றத்தைப் பிடித்தவர் வேர்னன் இங்க்ரம், 1956இல்.

பொல்லாத எழுத்து ஏன் அழிந்துபோகவில்லை? நுளம்பு அதைக் காப்பாற்றியது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த எழுத்தை வாங்கியவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அந்தனி அலிசன் 1954இல் காட்டினார். மலேரியா என்ன செய்யும் என்பது இந்தக் கரைக்குத் தெரியும். 1934இல் மழை பொய்த்து, சிலாபத்தில் கடலில் விழும் தெதுறு ஓயா குட்டை குட்டையாக நின்றபோது நுளம்பு பெருகிற்று. அந்தக் கொள்ளைநோயில் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 2016இல்தான் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஒட்டுண்ணி போய்விட்டது, எழுத்துப் போகவில்லை.

எழுத்து எங்கே பிறந்தது? ஆபிரிக்காவில் நாலு இடம், அரேபியா–இந்தியப் பக்கம் ஓரிடம் என ஐந்து தடவை தனித்தனியே பிறந்தது என்பதே நெடுநாள் பாடம். 2018இல் ஷ்ரைனரும் ரொட்டிமியும் வேறு கதை சொன்னார்கள்: ஆபிரிக்காவில், ஏறத்தாழ 7,300 ஆண்டுக்கு முன், ஒரே தடவை. அது சரியென்றால் நீலகிரிக்கு வந்ததும் ஆபிரிக்க எழுத்துத்தான், ஆனால் போர்த்துக்கேயக் கப்பலுக்கு நெடுங்காலம் முன்னே புறப்பட்டது.

இலங்கைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். 2016 டிசம்பர் முதல் 2019 மார்ச் வரை தலசீமியா என்ற இன்னொரு பரம்பரைக் குருதி நோய்க்கான ஏழு நிலையங்களில் ஆய்வுக்குச் சேர்த்த அரிவாள் நோயாளிகள் 60 பேர். சிங்களவர் 52. இரு பக்கமும் அரிவாள் வாங்கியவர்கள் 9 பேர்தான். மற்ற 51 பேர் ஒரு பக்கம் அரிவாளும் மறு பக்கம் பீற்றா தலசீமியாவும் வாங்கியவர்கள். பரம்பரையலகின் பின்னணியில் அரபு–இந்தியக் கிளையும் இருந்தது, மேற்கு ஆபிரிக்காவின் பெனின் கிளையும் இருந்தது.

புத்தளத்துப் பிள்ளை 52ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வார்டுக்குப் பிள்ளை வந்தா எந்த ஊர் எண்டு கேக்கத் தேவையில்லையா, மிஸ்?"

"கேளுங்க. அதுக்கு முதல் விரலைப் பாருங்க" என்றேன். பிறந்த உடனே ஒன்றும் தெரியாது. முதிர்கருவின் ஈமோகுளோபின் குறையும் வரை, ஆறு மாதம் போல, அது பிள்ளையைக் காக்கும். அதன் பிறகு ஒரு நாள் கை விரல்களும் கால் விரல்களும் வீங்கி, தொட்டால் வீரிட்டு அழும் பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு வருவாள்.