சேதி கேட்பவர் யார்?

எங்க ஜவளகிரிப் பக்கம் பஸ் நிக்கிற இடத்துல பைபிளோட ஒருத்தர் நின்னு தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணுலயும் சேதி சொல்வார். நின்று கேட்பது பெரும்பாலும் சேரி சனம்தான். பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. பரப்பலாம், மதம் மாற்றும் உரிமை கிடையாது என்றது உச்சநீதிமன்றம், 1977இல். தமிழக அரசு 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மாற்றுகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை. மாறுகிறவர் சிறுவர், பெண், தலித், பழங்குடி என்றால் நான்காண்டு வரை. அதாவது எங்களுக்குச் சுயபுத்தி கிடையாதாம்! 2004இல் அந்தச் சட்டம் போனது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மட்டும் போகவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் பட்டியல் சாதி உரிமை போச்சு, சேரி போகாது. சேதி இலவசம்தான். அதை ஏற்பதற்கு விலை கேட்பது அரசு.