சிற்றூருக்குச் செல்லும் லாரி

வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலிருந்து வரும் மூட்டைக்காக லாரி ஆபீஸ் வாசலில் காத்து நின்றவர்கள். பெருநகருக்குச் சரக்கேற்றப் பலர் போட்டியிடுவர். உள்ளடங்கிய சிற்றூருக்குச் செல்ல முன்வருபவர் யார்? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடு விடை தேடிய வரலாறு அறியத்தக்கது.

1935-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே லாரித் தொழிலை மாநிலங்களுக்கிடை வாணிபக் கமிஷனின் ஆட்சிக்குள் கொணர்ந்தது. எச்சரக்கை எவ்வழியே ஏற்றிச் செல்லலாம் என்பதை அனுமதிப் பத்திரமே வரையறுத்தது. புதியவர் நுழைய விரும்பினால், பழைய கம்பெனிகள் எதிர்த்து வாதாடலாம். கட்டணத்தைக் கம்பெனிகளே கூடிப் பேசி வகுத்தன. 1948-ல் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. பெருவழிகளின் லாபத்தைக் கொண்டு லாபமற்ற சிற்றூர்களுக்கும் சேவை நடைபெறும் என்பதே இக்கட்டுப்பாட்டுக்குக் கூறப்பட்ட நியாயம்.

ஆயினும் நடைமுறை வேறாயிருந்தது. பதப்படுத்தாத விளைபொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனை நகரில் இறக்கிய லாரி, ஊர் திரும்புகையில் கடைச் சரக்கை ஏற்ற உரிமையின்றிப் பலவேளை வெறுமையாகவே வந்தது. சிற்றூர்க் கடைக்காரரோ அதே சரக்குக்காகக் காத்திருந்தார்.

1980 ஜூலை 1-ஆம் நாள் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இத்தடைகளைப் பெரிதும் தளர்த்தியது. இனிச் சிற்றூர்கள் கைவிடப்படும் என்று லாரி முதலாளிகளும் தொழிற்சங்கமும் எச்சரித்தனர். அவ்வச்சத்தைப் புறக்கணியாது, சிற்றூர்ச் சேவையைக் கமிஷன் ஆராய வேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. ஆய்ந்து பார்த்ததில், சேவை பொதுவாகக் குன்றவில்லை என்று தெரிந்தது. காரணம் எளிது: அனுமதி பெற்ற பல கம்பெனிகள் முன்பும் அவ்வூர்களை ஆவலுடன் நாடியதில்லை. பார்சல் கம்பெனியும், பஸ்ஸும், கடைக்காரரின் சொந்த வண்டியுமே அவற்றுக்குப் பெருந்துணையாயிருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மாற்றத்தால் நட்டமடைந்தோரும் உண்டு. 1980-ல் சுமார் 18,000 ஆயிருந்த கம்பெனிகள் பத்தாண்டில் 40,000-ஐத் தாண்டின. பழைய கம்பெனிகள் பல மூடப்பட்டன, ஓட்டுநர் ஊதியமும் தாழ்ந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கமிஷனே கலைக்கப்பட்டது.

பத்திரத்தில் எழுதிய கடமை மட்டும் லாரியைச் சிற்றூருக்கு அழைத்து வாராது; போக ஒரு சுமையும் திரும்ப ஒரு சுமையும் இருந்தால் அது தானே வரும். அவ்வாறும் வாராத ஊர்களுக்கு உதவுவது அரசின் பொறுப்பு. அவ்வுதவியைப் பிறர் கட்டணத்தில் மறைத்து வையாமல், வெளிப்படையாக அளித்தலே நேர்மை என்பது நாம் பெறும் பாடம்.