ஏலத்தை முதல்ல யாரு நட்டாங்க?

போன மாசம் சென்னையில் இருந்து வந்த அக்கா மகனைப் போடியில் ஏலக்காய் ஏலம் விடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். "மாமா, ஏலம் விடுறதாலதான் ஏலக்காய்னு பேரா?"ன்னு கேட்டான். சிரிப்பு வந்தாலும் நல்ல கேள்விதான். விலை கூறி விற்கிற 'ஏலம்' போர்ச்சுக்கீசியர் விட்டுட்டுப் போன சொல். செடியோட பேர் அவங்க வர்றதுக்கு ரொம்ப முந்தியது. பதினெண்கீழ்க்கணக்கில் 'ஏலாதி'ன்னு ஒரு நூலே இருக்குங்க. ஏலத்தை முதலா வச்சு ஆறு சரக்கு சேர்க்கிற மருந்தோட பேர் அது.

அடுத்து கேட்டான்: "இதை முதல்ல யாரு மாமா நட்டாங்க?"

யாரும் நடலை. மேற்கு மலையில் ஈரமும் நிழலும் உள்ள சோலைக்குள்ள தானா முளைச்ச செடி இது. பழுத்த காயைக் காட்டு எலியும் மத்த உயிர்களும் தின்னு விதையைப் பரப்பும். பெரிய மரத்தை விட்டுட்டுக் கீழே உள்ள புதரை மட்டும் வெட்டி விட்டா, கொஞ்சம் வெளிச்சம் பட்டதும் மண்ணுக்குள்ள கிடந்த விதை முளைக்கும். அதுதான் அந்தக் காலத்து ஏல விவசாயம். குடகில் ஒரு படி மேலே போய், பெரிய மரம் ஒண்ணைச் சாய்ப்பாங்க. மரம் விழுந்த வேகத்தில் மண் கிளறி, வெளிச்சமும் இறங்கி, சில மாசத்தில் ஏலக்கன்னு எழும்பும்.

நம்ம பக்கத்து ஏலமலை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. ஆனா மலை ஏறிப் பாடுபட்டதில் கம்பம், தேவாரம், போடி ஆட்கள் நிறையப் பேர். கணவாய் வழியா நடந்தே போவாங்க. விளைஞ்ச காயை இஷ்டத்துக்கு விற்க முடியாது. சர்க்காருக்குத்தான் கொடுக்கணும். சர்க்கார் அதை ஆலப்புழையில் வச்சு விற்கும். 1869-ல் ஏலமலைக்குன்னே தனி அதிகாரியைப் போட்டாங்க. 1896-ல் அந்த ஏகபோகம் போய், நிலத்துக்கு வரி கட்டினா போதும்னு ஆச்சு. விளைச்சல் நம்ம கைக்கு வரும்னு தெரிஞ்ச பிறகுதானே ஒருத்தன் குழி வெட்டிக் கன்னு வைப்பான்?

கன்னு வைக்க ரெண்டு வழி. ஒண்ணு விதை. நல்லாப் பழுத்த காயை உடைச்சு, வழவழப்பு போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்திச் சீக்கிரமே விதைக்கணும். நாள் போனா முளைக்காது. நாத்தாங்காலில் ஒரு வருஷத்துக்கு மேல வளர்த்து நட்டு, அப்புறம் ரெண்டு மூணு வருஷம் காத்திருந்தாத்தான் காய். தேனீ கலந்து விடுறதால பிள்ளை தாய் மாதிரியே இருக்கும்னு சொல்லவும் முடியாது.

இன்னொண்ணு, தூரைப் பிரிச்சுச் சிம்பு நடுறது. தாய் மாதிரியே இருக்கும், சீக்கிரம் காய்க்கும். கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப்னு ஒரு விவசாயி தன் தோட்டத்தில் பொறுக்கி எடுத்த 'ஞள்ளானி' அப்படித்தான் மலை முழுக்கப் பரவினது. படிச்ச விஞ்ஞானி இல்ல, நம்மள மாதிரி ஆள். விளைச்சலையே அது மாத்திருச்சு.

ஆனா சிம்பில் ஒரு வம்பு இருக்கு. 'கட்டே'ன்னு ஒரு வைரஸ் நோய். அசுவினி பரப்பும். இலையில் வெளிர் கோடு விழுந்து, தூர் வருஷா வருஷம் சிறுத்துப் போகும். மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்கணும். விதை வழியா இது வராது. சிம்பு வழியா வரும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். குரங்கணிக்கு மேலே எனக்கு ஒண்ணரை ஏக்கர். விலை மலிவுன்னு ஒருத்தர் தோட்டத்தில் இருந்து சிம்பு வாங்கி வச்சேன். வெயில் நல்லா விழட்டும்னு நிழல் மரத்தையும் அதிகமாவே கழிச்சேன். மூணாம் வருஷம் பாதித் தூரில் கட்டே. பிடுங்கினதை வீட்டுக்காரிதான் எண்ணினா. எண்ணிக்கையை எங்கிட்ட இன்னைக்கும் சொல்லலை.

மிச்சம் நின்ன செடியும் 2024 கோடையில் கருகிடுச்சு. அந்த வருஷம் இடுக்கி முழுக்க ஏலத்தோட்டம் காய்ஞ்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். என் இடத்தில் வாடாம நின்னது ஓடை ஓரத்துப் பலா மரத்தடியில் உள்ள ஒரே ஒரு பழைய தூர். அதை அப்பாவும் நடலை, தாத்தாவும் நடலை. "அது தானா வந்தது, அதைத் தொடாத"ன்னு அப்பா சொல்லுவார். காய் சின்னது, சரம் தரையோடு ஓடும். அதனால நானும் அதைக் கண்டுக்கலை.

இந்தப் புரட்டாசியில் அந்தத் தூரில் பழுத்த காயைப் பறிச்சு விதை போட்டிருக்கேன். கழிச்ச இடத்தில் பலாவும் நாவலும் வச்சாச்சு. எத்தனை கன்னு தேறும், எது எப்படிக் காய்க்கும்னு தெரிய நாலு வருஷம் ஆகும். அடுத்த வருஷம் அக்கா மகனை நடவுக்கு வரச் சொல்லியிருக்கேன். யாரு நட்டாங்கன்னு கேட்டவன் ஒரு கன்னாவது நடட்டும்.