87 விநாடி: முத்துக்குளிப்பிலிருந்து கைக்கடிகாரம் வரை

முத்துக்குளிக்கிற ஒருத்தர் தண்ணிக்கு அடியில் எவ்வளவு நேரம் மூச்சடக்கி இருப்பார்? பழைய பயணக் குறிப்புகளைப் புரட்டினால் இந்தக் கேள்விக்குத் தமாஷான பதில்கள் கிடைக்கும்.

14-ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா பாரசீக வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது, சிலர் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் உள்ளே இருப்பார்கள் என்கிறார். ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1803-ல் இலங்கை பற்றி ஒரு புத்தகம் போட்டார். மன்னார் பக்கம் நடந்த சலாபத்தை விவரிக்கிற இடத்தில், வழக்கமாக இரண்டு நிமிஷம், சிலர் நாலைந்து நிமிஷம், 1797-ல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருத்தர் முழுசாக ஆறு நிமிஷம் என்று எழுதினார். பல மணியிலிருந்து ஆறு நிமிஷத்துக்கு வந்தாச்சு. அப்புறம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பல வருஷம் முத்துப் பார்களுக்கு ஆய்வாளராக இருந்தவர், அதாவது படகிலேயே இருந்து பார்த்தவர். அவர் சொன்னதை எமர்சன் டெனன்ட் 1859-ல் வந்த தன் 'சிலோன்' நூலில் பதிவு செய்கிறார்: 87 விநாடிக்கு மேல் அடியில் இருந்த ஆளை ஸ்டூவர்ட் பார்த்ததே இல்லை. 13 பாகத்துக்கு மேல் ஆழம் போனவரையும் பார்த்ததில்லை. சாதாரணமாக 9 பாகம் தண்ணியில் 55 விநாடியைத் தாண்டுவது அபூர்வம்.

மணிக்கணக்கில் ஆரம்பித்த சங்கதி 55 விநாடியில் வந்து நிற்கிறது. குளிக்கிறவர்களின் நுரையீரல் சுருங்கிவிடவில்லை, நடுவில் கடிகாரம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் இவர்கள் யாரும் இல்லை, 17-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த போர்த்துக்கீசியர் ரிபெய்ரோ. அவர் எழுதியது: இரண்டு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரம். நம்ம கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள் சொல்லிப் பார்க்கலாம். சின்னதை நிதானமாகச் சொன்னால் இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட ஆகும். கடிகாரம் இல்லாமல் ஜெபத்தை வைத்து அளந்தவர், நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தி வந்த பெர்சிவலைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்! கருவி எதுவாக இருந்தால் என்ன, அளந்தாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

நான் இருப்பது புதுக்கோட்டையில். தொண்டைமான் ஆண்ட ஊர் இல்லைங்க, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிற புதுக்கோட்டை. மன்னார்ப் பக்கத்துச் சலாபத்துக்கு இந்தக் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் போவார்கள். படகுக்குப் பத்துப் பேர் குளிக்கிறவர்கள், ஐந்து ஐந்து பேராக மாறி மாறி இறங்குவார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் வலைப்பை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவைகூட. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவதுண்டு என்று பெர்சிவலே சொல்கிறார். 9 பாகம் என்றால் பதினாறு மீட்டருக்கு மேல். அங்கே உடம்பின் மேல் இருக்கிற அழுத்தம், கரையில் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் கூட.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனியுங்க. சலாபம் நடத்துவதற்கு முன்னால் அரசாங்கம் ஒவ்வொரு பாரிலும் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, எண்ணி, அழுகவைத்துக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து என்று கணக்குப் பார்க்கும். அதை வைத்துத்தான் இந்த வருஷம் சலாபம் உண்டா இல்லையா என்று முடிவு. சிப்பிக்குப் பிரமாதமான டேட்டா. குளித்த ஆளுக்கு? 55, 87 என்று மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து இரண்டு எண். எந்த ஆளுக்கு நேற்று 60 வந்து இன்றைக்கு 40-லேயே மேலே வந்தார், யாருக்கு மூன்று நாளாகக் காதில் ரத்தம் என்று அந்தக் கணக்கில் இடம் கிடையாது. சிப்பியில் காசு இருந்தது, அதனால் எண்ணினார்கள்.

கைக்கடிகாரம் உடம்பை அளப்பது என்கிற கதை உண்மையில் இங்கேதான் சிக்குகிறது. 1707-லேயே இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர் சரியாக ஒரு நிமிஷம் மட்டும் ஓடுகிற கடிகாரம் செய்யச் சொல்லி, நாடித்துடிப்பை எண்ணிப் புத்தகமே எழுதிவிட்டார். நம்ம வைத்தியர்கள் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்த்ததும் இப்ப வாட்ச் கட்டுகிற அதே மணிக்கட்டில்தான். அதன் வைத்தியப் பலன் பற்றி எனக்கு அபிப்பிராயம் சொல்லத் தகுதி இல்லை. ஆனா மென்பொருள் ஆளாக ஒன்று தோன்றும்: அந்த விரல்கள் உணர்ந்தது எண்ணாக எங்கேயும் எழுதப்படவில்லை. போன வருஷத்தோடு ஒப்பிட வழியில்லை.

எழுதத் தொடங்கியபோது வேறு சிக்கல் வந்தது, சராசரி. 1830-களில் பெல்ஜியத்தின் வானியலாளர் கெட்லே 'சராசரி மனிதன்' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கும் அவருடையதுதான். 1972-ல் ஆன்செல் கீஸ் அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். இன்றைக்கு உங்க வாட்ச் ஆப்பில் உயரம், எடை போட்டவுடனே பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுதே, அது இந்த வழியில் வந்தது.

2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு போட்டோ வந்தது. பூனாவின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் இருக்கிற கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு உடம்பு. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்கலாம் என்றது. இந்தியாவில் 25 வந்தாலே உடல்பருமன் என்பது 2009-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. பல ஆப்களில் இன்னும் 25 வரைக்கும் பச்சைதான். உங்க ஆப் எந்தக் கோட்டை வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பாருங்க.

இதற்குச் சென்னையிலிருந்து வந்த பதில் எளிமையானது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னை மக்களிடம் திரட்டிய டேட்டாவை வைத்து 2005-ல் சர்க்கரை நோய்க்கான இந்திய ஆபத்து மதிப்பெண்ணை வெளியிட்டார்கள். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா - நாலே கேள்வி. 60-க்கு மேல் வந்தால் ரத்தம் பார்த்துவிட வேண்டியது. இதுக்கு வாட்ச் வேண்டாம், தையல்கடை டேப் போதும். நம்மைப் போன்ற உடம்புகளிலிருந்து எடுத்த அளவுகோல் என்பதுதான் அதன் பலம்.

ஆனா நம்ம ஊர்ச் சராசரியும் சராசரிதான். ஒருத்தர் தன் உடம்பை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும்? அதைச் செய்தவர் ஒரு இஞ்சினியர். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், அமெரிக்கர், 12 வயதிலிருந்து சர்க்கரை நோயாளி. 1969-ல் ஒரு விளம்பரம் பார்க்கிறார். ராத்திரி லேப் மூடிய பிறகு அவசரப் பிரிவுக்கு மயங்கி வருகிறவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று கண்டுபிடிக்க ஒரு கருவி. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 650 டாலர். டாக்டருக்கு மட்டும்தான் விற்பார்கள். அவர் மனைவி டாக்டர், அவர் பெயரில் வாங்கினார்கள். தினமும் ஐந்தாறு தடவை விரலைக் குத்திக் குறித்தார். 40-க்குக் கீழே போவதும் 400-க்கு மேல் ஏறுவதுமாக இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், அடுத்ததை மாற்று - நாம பக் தேடுகிற அதே முறை. இன்சுலின் அளவு, சாப்பாடு எல்லாவற்றையும் அப்படியே சரிபண்ணினார். கட்டுரை எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் போடவில்லை. 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். இன்றைக்குக் கையில் ஒட்டிக்கொள்கிற சர்க்கரை சென்சாருக்கு அந்த நோட்டுப்புத்தகத்தை முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம்.

கருவியை எவ்வளவு நம்பலாம்? கொரோனா சமயத்தில் நம்ம தெருக்களில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கினோம். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. ஜப்பானின் தக்குவோ அயோகி 1974-ல் உருவாக்கிய தத்துவம் அது: சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரல் வழியே போகும்போது எது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். கருவியைச் சரிபார்ப்பது, தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டு. அந்தத் தன்னார்வலர்களில் கறுத்த தோல்காரர்கள் குறைவாக இருந்தால் பிழை யார் பக்கம் போகும்? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எங்க வெயிலில் வெந்த தோலுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

இங்கேதான் சொந்த டேட்டாவின் மதிப்பு. கருவி எப்பவும் இரண்டு புள்ளி கூட்டிக் காட்டினாலும், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்த இரண்டு கழிந்துபோய்விடும். (முழுசாகக் கழியாது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்தப் பிழையும் கூடும். மூச்சுத் திணறினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் கிளம்பிவிட வேண்டும்.) ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் பல சென்சார்களைக் கட்டிக்கொண்டு திரிகிற ஆராய்ச்சியாளர். ஒரு விமானப் பயணத்தில் அவருடைய ஆக்சிஜன் குறைந்தது. எந்த விமானத்திலும் குறையும், ஆனால் தன் பழைய பயணங்களின் பதிவோடு பார்த்தபோது இந்தத் தடவை அதிகமாகக் குறைந்திருந்தது, இறங்கிய பிறகும் திரும்பவில்லை. இதயத் துடிப்பும் கூடுதல். கடைசியில் பார்த்தால் லைம் நோய், உண்ணி கடித்து வருவது. 2017-ல் இதை வெளியிட்டார்கள். பொதுவான 'நார்மல்' பட்டியலை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது, அவருடைய சொந்தப் பழைய பதிவு இருந்ததால் தெரிந்தது.

எல்லாரும் வாட்ச் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மருந்தும் வீட்டுக்கு வருகிறது. என் பார்வையில் தமிழ்நாட்டில் தனிநபர் மருத்துவத்துக்கு மிகப் பெரிய வாய்ப்பு மணிக்கட்டில் இல்லை, இந்த வருகைகளில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு, ஒரே வீட்டில், மாசக்கணக்காக வருகிற அளவுகள்! அது வட்டாரத்தின் மொத்தக் கணக்கில் மட்டும் கரைந்துபோகாமல், அந்த ஆளின் கையிலும் வரிசையாக இருக்க வேண்டும். 55-ம் 87-ம் மட்டும் மிஞ்சி, குளித்த ஆளின் கணக்கு இல்லாமல் போன கதை திரும்ப வேண்டாம்.

வாட்ச் இருக்கிறவர்களுக்கு: அதன் ஆப்பில் உங்க பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று தேடுங்க, பெரும்பாலும் செட்டிங்ஸில் ஆழமாக ஒளிந்திருக்கும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிற உரிமையைப் பேசுகிறது. பிரஷர் மட்டும் பார்க்கிறவர்களுக்கு அதுகூட வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, தினமும் அதே நேரம், அதே கை, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு ஒரு அளவு. எங்க அம்மாவுக்கு அப்படித்தான் எழுதுகிறோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "இன்னைக்கு எவ்வளவு"ன்னு ஆரம்பிக்கிற பேச்சு, நோட்டை நீட்டினதும் "போன மாசம் இந்தத் தேதியில என்ன ஆச்சும்மா?"ன்னு மாறிவிடும்.