பள்ளி வீடான வரலாறு

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனையையும் கோட்டையையும் போர்க்களத்தையுமே சுற்றி வருவர். ஏழை எளியவர் தம் பிள்ளைகளை அனுப்பிய பள்ளிக்கூடத்தின் வாயிலில் நின்று சரித்திரம் பார்ப்பவர் மிகச் சிலரே. இலண்டன் மாநகரில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், கூலிக்காரர் பிள்ளைகளுக்கெனப் பொதுப்பணத்தில் எழுப்பிய பள்ளிகளுள் பல இன்று அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, பொருள் படைத்தோர் குடியிருக்கும் வீடுகளாகிவிட்டன. இம்மாறுதல் எங்ஙனம் நேர்ந்தது? அதனால் நாம் அறியத்தக்கது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இலண்டன் எங்கே, நம் தோட்டம் எங்கே? அந்நாட்டுக் கட்டடக் கதையால் நமக்கு ஆவதென்ன?" என்று அன்பர் சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை இறுதியில் வரும். அதுவரை பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

சட்டம் பிறந்தது

இங்கிலாந்து உலகத்தின் பெரும்பகுதியை ஆண்ட காலத்திலும் அதன் தலைநகரத்துத் தெருக்களில் எழுத்தறியாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திரிந்தனர். கல்வி அதுவரை பெரும்பாலும் மதச் சபைகளின் தருமமாக இருந்தது. தருமம் எட்டாத தெருவில் பள்ளியும் இல்லை. 1870ஆம் ஆண்டில் ஃபார்ஸ்டர் என்னும் மந்திரி கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. பள்ளி போதாத ஊர்களில் வரி செலுத்துவோர் வாக்களித்துக் கல்விச் சபை அமைக்கலாம். அச்சபை வரி விதித்துப் பள்ளி கட்டலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். அப்பள்ளிகளில் எந்த ஒரு மதப் பிரிவுக்கும் உரிய தனிக் கோட்பாட்டைப் புகட்டக் கூடாது என்றும் அது விதித்தது.

அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் கல்விச் சபைக்குத் தேர்தல் நடந்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லாத காலம் அது. எனினும் கல்விச் சபைக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் அவர்களுக்கு இடம் இருந்தது. எலிசபெத் காரெட் என்ற பெண் மருத்துவரும் எமிலி டேவிஸ் என்ற கல்வித் தொண்டரும் வெற்றி பெற்றனர். டார்வினின் கொள்கையை அஞ்சாது பரப்பிய விஞ்ஞானி ஹக்ஸ்லியும் உறுப்பினரானார். சபையின் முதல் தலைவர் லாரன்ஸ் பிரபு. இவர் 1864 முதல் 1869 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர்.

நம்மவர் நன்கறிந்த மற்றொருவரும் பின்னாளில் இச்சபையில் அமர்ந்தார். 1888ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற அன்னி பெசண்ட் அம்மையாரே அவர். அவ்வாண்டே கிழக்கு இலண்டன் மக்கள் அவரைக் கல்விச் சபைக்கு அனுப்பினர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது, உணவு கொடுங்கள் என்று அவர் அங்கே வாதாடினார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் இவரே.

கட்டடத்தின் நோக்கம்

சபையின் கட்டடக் கலைஞராக 1871இல் அமர்த்தப்பட்டவர் ஈ. ஆர். ராப்சன். அவர் அயல்நாட்டுப் பள்ளிகளையும் ஆராய்ந்து, 1874இல் பள்ளிக் கட்டடக் கலையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கூரிய வளைவுகள் கொண்ட பாணி மாதாகோவிலை நினைப்பூட்டும் என்பதால் அதை அவர் தவிர்த்தார். மஞ்சட் செங்கல்லும் சிவப்புச் செங்கல்லும் கலந்த வேறொரு பாணியைக் கைக்கொண்டார். பொதுப்பள்ளி எம்மதத்திற்கும் உரியதன்று என்பதைக் கட்டடத்தின் முகமே கூறியது எனலாம்.

நகரத்தில் நிலம் குறைவு, பிள்ளைகளோ மிகுதி. ஆதலின் பள்ளி அகலாமல் உயர்ந்தது. பெரும்பாலும் மூன்று மாடிகள்: கீழே குழந்தைகள், நடுவே பெண் பிள்ளைகள், மேலே ஆண் பிள்ளைகள். மூவகையினருக்கும் தனித்தனி வாயில்கள்; எந்த வாயில் யாருக்கு உரியது என்பது கல்லிலே வெட்டப்பட்டது. ஒரு வகுப்பில் 60 பிள்ளைகள் அமர்வது அக்காலத்தில் வியப்பன்று. அத்தனை பேருக்கும் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்றே கூரையை உயர்த்தி, ஆளுயரத்தினும் பன்மடங்கு நெடிய சன்னல்களை வைத்தனர். புகையும் இருளும் சூழ்ந்த ஒண்டுக் குடித்தனத்திலிருந்து வரும் பிள்ளை, பகலில் சில மணி நேரமாவது ஒளியில் இருக்கட்டும் என்பது கருத்து.

ஏழைக்கு இத்தனை பெரிய கட்டடம் எதற்கு என்று வரி செலுத்துவோர் சிலர் முணுமுணுத்தனர். ஆனால் 1893இல் வெளிவந்த ஒரு துப்பறியும் கதையில், ஷெர்லாக் ஹோம்ஸ் இரயிலில் செல்லும்போது கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும் இப்பள்ளிகளைக் கண்டு, இவை கலங்கரை விளக்கங்கள் என்று போற்றுவதாகக் கானன் டாயில் எழுதினார். 1880இல் ஐந்து முதல் பத்து வயது வரை கட்டாயக் கல்வி வந்தது. வாரந்தோறும் பிள்ளை கொண்டுவர வேண்டிய பென்னிக் கட்டணம் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் ஒழிந்தது. 1904இல் சபை கலைக்கப்பட்டு நகராட்சி மன்றம் பொறுப்பேற்றபோது, அது கட்டிய பள்ளிகள் 400க்கு மேற்பட்டிருந்தன.

பிள்ளைகள் போன வழி

1939இல் இலண்டனின் மக்கட்தொகை 86 இலட்சம். அவ்வாண்டு செப்டம்பரில் போர் மூண்டதும் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்டனர். குண்டு வீச்சில் வீடுகள் பல அழிந்தன. போருக்குப் பின் புதிய நகரங்கள் வெளியே எழுந்தன; தொழிற்சாலைகளும் துறைமுக வேலைகளும் நகரின் நடுவிலிருந்து நீங்கின. 1980களில் மக்கட்தொகை 68 இலட்சம் அளவிற்கு இறங்கியது. வேலை போன தெருவில் குடும்பம் நில்லாது. குடும்பம் நில்லாத தெருவில் பள்ளி நிரம்பாது. பள்ளிகள் பல மூடப்பட்டன. அவற்றுள் சில இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பல வீடு கட்டி விற்போர் கைக்குச் சென்றன.

வகுப்பறையில் வாழ்க்கை

இப்படி மாறிய வீட்டில் வாழ்வது எப்படியிருக்கும்? அன்பர்கள் மனக்கண்ணால் உள்ளே வருக.

அறுபது பிள்ளைகள் அமர்ந்த ஒரு வகுப்பறை இன்று ஒருவரோ இருவரோ வாழும் ஒரு முழு வீடு. கூரை மிக உயரமாதலால், பாதி உயரத்தில் மரத்தாலோ இரும்பாலோ ஒரு பரண் தட்டு அமைத்து, அதன்மேல் படுக்கையறை வைக்கின்றனர். கீழே சமையலும் இருக்கையும். நெடிய சன்னல் ஒன்றே இரண்டு தட்டுகளுக்கும் ஒளி தருகிறது. ஆனால் அச்சன்னலின் அடிவிளிம்பு உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் கவனம் தெருவில் போகாதிருக்க அன்று அப்படிக் கட்டினர். ஆகவே இன்று கீழே நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு வானம் தெரியும், தெரு தெரியாது! ஆசிரியரின் கட்டுப்பாடு அவர் போன பின்னும் சுவரில் நின்று வேலை செய்கிறது.

குளிர்காலத்தில் இவ்வுயர்ந்த அறையைச் சூடாக்கச் செலவு அதிகம்; சூடான காற்று மேலே பரணுக்கு ஏறிவிடும். சரித்திரப் பெருமையுள்ளதெனச் சர்க்கார் பட்டியலில் ஏற்றிய கட்டடமாயின், சன்னலை மாற்றவும் அனுமதி பெற்றே ஆகவேண்டும். வீடு வாங்கியவர் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையே பெறுகிறார். கூரை பழுதுபட்டால் செலவை எல்லா வீட்டாரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஓடியாடிய முற்றம் பல இடங்களில் மோட்டார் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. 'ஆண் பிள்ளைகள்', 'பெண் பிள்ளைகள்' என்று கல்லில் வெட்டிய எழுத்துக்கள் மட்டும் வாயிலின்மேல் அப்படியே நிற்கின்றன. வீடு விற்போர் அவ்வெழுத்துக்களையும் அழகென்று காட்டி விலை பேசுகின்றனர்.

குற்றம் யாது?

பள்ளியை வீடாக்கியதே குற்றம் என்று நான் கூற வரவில்லை. வெறுங்கட்டடம் வெகுநாள் நில்லாது. கூரை ஒழுகும், மரம் முளைக்கும், பின்பு இடிப்பார்கள். ஆள் குடியிருந்தால் கட்டடம் பிழைக்கும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: அங்கே யார் குடியிருக்கிறார்கள்? யாருடைய பிள்ளைக்காக அவ்வொளி அமைக்கப்பட்டதோ, அவனுடைய பேரன் அவ்வொளியை இன்று விலை கொடுத்து வாங்க இயலுமா? பெரும்பாலும் இயலாது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவேன். நியூயார்க்கு நகரில் நீக்ரோ மக்களின் பேட்டை எனப் புகழ்பெற்ற ஹார்லம் பகுதியில், 1903ஆம் ஆண்டைச் சேர்ந்த 186ஆம் எண் பொதுப்பள்ளி 1975இல் மூடப்பட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது பாழாய்க் கிடந்தது. சன்னல் வழியே மரங்கள் கிளை நீட்டின. அதை இடித்துவிடத் திட்டமிட்டபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்துக் குரல் எழுப்பினர். முடிவில் கட்டடம் காப்பாற்றப்பட்டு, 2016ஆம் ஆண்டளவில் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உடையவர்களுக்கான 79 வீடுகளாயிற்று. அதே கட்டடத்தில் சிறுவர் சிறுமியர் கழகத்திற்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பள்ளி வீடாயிற்று, ஆயினும் அவ்வட்டாரத்து மக்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது.

இலண்டனில் நடந்ததோ வேறு. மக்கட்தொகை மீண்டும் ஏறி, 2010ஐ அடுத்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் போதவில்லை. விற்ற பள்ளியை மீட்க முடியுமா? இப்போது அலை மறுபடியும் திரும்பிவிட்டது. பிறப்பு குறைந்தது, வீட்டு விலையும் வாடகையும் தாங்காமல் இளங்குடும்பங்கள் வெளியேறுகின்றன. 2024இல் ஹாக்னி வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளிகள் சில மூடப்பட்டன. இதன் விசித்திரத்தை அன்பர்கள் ஊன்றி நோக்குக. வீட்டு விலை குடும்பத்தை விரட்டுகிறது. குடும்பம் போனதால் பள்ளி காலியாகிறது. காலியான பள்ளியை வீடாக்கி அதே விலைக்கு விற்றால், விரட்டப்பட்ட குடும்பம் திரும்புவது எப்படி?

நமக்கு ஆவதென்ன?

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். 1923ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. இலண்டன் பிள்ளைக்கு 1870இல் வந்த சட்டம், நம் பிள்ளைக்கு வர ஐம்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. வந்தபோதும் நெடிய சன்னல் வரவில்லை. பல தோட்டங்களில் லயத்து அறை ஒன்றே பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியராயினர். அங்கே பள்ளி வீடாகியது. இங்கே வீடு பள்ளியாகியது. அங்கே கல்லில் எழுத்து இன்னும் நிற்கிறது. இங்கே தகரக் கொட்டகை போன இடத்தில் தடமும் இல்லை.

மலாயா விடுதலை பெற்ற 1957இல் 800க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. பால்மரம் வெட்டி வீட்டு மனையாக்கும் தோட்டங்களில் லயம் கலைகிறது. அதனோடு பள்ளிக்கும் ஆபத்து நேர்கிறது. சில பள்ளிகள் வேறிடத்தில் புதுக் கட்டடம் பெற்று வளர்ந்தன. சில, பேரும் இன்றி மறைந்தன.

தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நிலத்தின் விலை பேரேட்டில் ஏறும். கட்டடத்தின் தேய்மானமும் ஏறும். அங்கே அரிச்சுவடி படித்த பிள்ளையின் பெயர் எந்தப் பத்தியிலும் ஏறாது. அதை நாமே எழுதி வைத்தாலன்றி வேறெவரும் எழுதார். ஆகவே தோட்டத்து அன்பர்களும் நகரத்து அன்பர்களும் இரண்டு காரியம் செய்வார்களாக. உங்கள் ஊர்ப் பள்ளி எந்த ஆண்டு, எந்த இடத்தில், யார் முயற்சியால் தொடங்கியது, யார் யார் கற்பித்தனர் என்பதை வயதானவர் உள்ளபோதே கேட்டு எழுதுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு கறையான் வாய்க்குப் போகுமுன் படியெடுங்கள். தோட்டம் கைமாறும் செய்தி கேட்ட அன்றே, பள்ளிக்குரிய நிலம் எவ்வளவு, அது யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நின்றால், புல்டோசர் வந்த பிறகு கேட்க வேண்டியிருக்கும்.

ஒளிக்கெனக் கட்டிய சன்னல் விலைப்பொருளாகலாம். கல்லில் வெட்டிய எழுத்து அலங்காரமாகலாம். ஆனால் அந்தச் சன்னலைக் கேட்டுப் பெற்றவர் யார் என்பதை மறவாத மக்கள், அடுத்த சன்னலையும் கேட்டுப் பெறுவர்.