ஆங்கில மரபுத்தொடர்களும் வகுப்பறை விளையாட்டும்: பாலக்கோட்டை முன்னிறுத்திய வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்தின் அரசுப் பள்ளி மாணவர் மேல்நிலை வகுப்புகளில் ஆங்கில மரபுத்தொடர்களைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் வினாவாகும். தொடர் ஒன்று தரப்படும். அதன் பொருளைத் தெரிவு செய்ய வேண்டும். பின்னர் மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளை எழுத முனைவோர் அதே தொடர்களை மீண்டும் நீண்ட பட்டியல்களாக மனப்பாடம் செய்கின்றனர். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு போன்ற ஊர்களில் இந்நிலை கூடுதல் சுமையாகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசி இடம் பெற்றது தருமபுரி. மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது இம்மாவட்டத்தில் அது 68.54 விழுக்காடு. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படியேறும் பிள்ளைகள் மிகுந்த பகுதி இது. தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றையும் வீட்டுமொழியாகக் கொண்டோர் இங்கு வாழ்கின்றனர். ஆங்கிலத் தொடரின் சொற்களை அறிந்தாலும் பொருள் விளங்காத மாணவர், தாம் ஆங்கிலமே அறியாதவர் என்று முடிவு செய்துகொள்கிறார். மரபுத்தொடர் கற்பித்தல் குறித்த வினா இவ்வகையில் கல்வியில் சமவாய்ப்பு குறித்த வினாவும் ஆகும்.

மரபுத்தொடர்களை விளையாட்டின் வழியும் புதிரின் வழியும் கற்பிக்கலாம் என்பது இன்று ஆசிரியர் பயிற்சிகளில் புதுமையாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் இது புதுமையன்று. இம்முயற்சி தமிழகத்தில் எந்தெந்தக் காலங்களில் தலைகாட்டியது, ஏன் நிலைபெறவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாராமகாலும் மன்றோவின் கணக்கெடுப்பும்

பாலக்கோடு உள்ளிட்ட பாராமகால் பகுதி 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக இங்கு வந்த தாமஸ் மன்றோ 1799 வரை நிலவரிப் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானபோது, 1822இல் நாட்டுப் பள்ளிகள் பற்றிய விரிவான கணக்கெடுப்புக்கு ஆணையிட்டவர் இவரே. 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர்.

இக்கணக்கெடுப்புக்கு விடையாகப் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இங்குக் கருதத்தக்கது. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் எண்ணற்ற செய்யுள்களை ஒப்பிக்கின்றனர். ஆனால் அவற்றின் பொருளை, பயிற்றுவிக்கப்பட்ட கிளி அறியும் அளவுக்கே அறிகின்றனர் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். இக்குற்றச்சாட்டு திண்ணைப்பள்ளிக்கு முழுதும் நியாயமானதா என்பது வேறு விவாதம். மனனம் நினைவாற்றலுக்கான ஒரு பயிற்சியாகவே அங்கு மதிக்கப்பட்டது. ஆயினும் நாட்டுக் கல்வியின் குறையாகச் சுட்டப்பட்ட இதே பொருளறியா மனனம், ஆங்கிலக் கல்வி வேரூன்றிய பின் ஆங்கில மரபுத்தொடர்ப் பட்டியலின் வடிவில் மீண்டும் வந்து அமர்ந்தது.

பட்டியலின் பிறப்பு

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் தேர்வே கல்வியின் அச்சாணியாயிற்று. தேர்வுக்குரிய நூல்கள் பெருகின. ஜே. சி. நெஸ்பீல்டின் இலக்கண நூல் வரிசையில் ஒரு நூல் தன் தலைப்பிலேயே மரபுத்தொடரை முதலாவதாகக் கொண்டிருந்தது. அது இந்திய உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஜேம்ஸ் மெயின் டிக்சன் 1891இல் வெளியிட்ட ஆங்கில மரபுத்தொடர் அகராதி தோக்கியோவில் அவர் ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த பணியின் விளைவாகும். ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்கு இத்தகைய பட்டியல்களைத் தரத் தேவை இருக்கவில்லை. பட்டியல் அயலார்க்கென உருவான வடிவம்.

அதே நூற்றாண்டில் எதிர்த்திசையிலும் ஒரு பணி நிகழ்ந்தது. பீட்டர் பெர்சிவல் 1842இல் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை ஆறாயிரத்துக்கும் மேலாகப் பெருகின. ஜான் லாசரசின் பழமொழி அகராதி 1894இலும் ஹெர்மன் ஜென்சனின் வகைப்படுத்திய தொகுப்பு 1897இலும் வந்தன. இவற்றைப் பயன்படுத்தியிருந்தால் இருமொழித் தொடர்களை ஒப்பிட்டுக் கற்பிக்கும் வகுப்பறை அன்றே உருவாகியிருக்கும். 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' என்பதன் பொருளைக் கூற நியூகாசிலின் நிலக்கரிச் சுரங்கங்களை விளக்க வேண்டும். 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்று தொடங்கினால் அரை நிமிடம் போதும். ஆனால் இத்தொகுப்புகளைப் பெரிதும் நாடியோர் சமயப் பணியாளரும் ஆட்சி அலுவலருமே. தமிழ் மாணவரின் கைக்கு அவை பாடநூலாகச் சென்று சேரவில்லை.

புதிரும் பரிசும்

பிசி என்னும் விடுகதையைத் தொல்காப்பியம் செய்யுளியலில் தனி வகையாக வைத்துப் பேசுகிறது. நன்னூல் தகுதி வழக்கில் குழூஉக்குறியை அடக்குகிறது. ஒரு குழுவினர் தமக்குள் வேறு பொருளில் வழங்கும் சொல் அது. மாட்டுச்சந்தைத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலைமொழி வரை இவ்வழக்கு நீள்கிறது. தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் புத்தம்புதுப் படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் பேசி, போர் காணாத அவற்றின் நிலையைச் சுட்டிய புறநானூற்றுச் செய்தியும் (95) ஈண்டு நினையத்தக்கது. தகடூர் இன்றைய தருமபுரிப் பகுதியாகும். சொல் ஒன்று, பொருள் வேறு என்பது இம்மண்ணின் பிள்ளைக்கு அயலான அறிவன்று.

ஆங்கிலக் கல்வியில் விளையாட்டுக்கு இடங்கோரிய நூல்களுள் கால்டுவெல் குக் 1917இல் எழுதிய 'தி பிளே வே' குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் டபிள்யூ. எம். ரைபர்ன் 1938இல் வெளியிட்ட ஆங்கிலம் கற்பித்தல் கையேடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நீண்ட காலம் பயிலப்பட்டது. டபிள்யூ. ஆர். லீயின் மொழி விளையாட்டு நூல் 1965இல் வந்தது. நூல்களுக்குக் குறைவில்லை.

வகுப்பறைக்கு வெளியே புதிர் பெற்ற வாழ்வு இதனினும் சுவையானது. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய பின் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் இதழின் விற்பனையை உயர்த்தின. பரிசுத் தொகைகள் நாடெங்கும் பெருகிச் சூதாட்டத்தின் சாயலைப் பெற்றதால், 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. புதிருக்கு மக்கள் தாமே காசு கொடுத்து முண்டியடித்த அதே காலத்தில் பள்ளி அதனை வாசலிலேயே நிறுத்தியிருந்தது. 'தி ஹிந்து' நாளிதழில் 1971இல் தொடங்கிய ஆங்கிலக் குறுக்கெழுத்து, மறைபொருள் குறிப்புகளால் ஆனது. மேற்பரப்பில் ஒரு பொருளும் அடியில் வேறொரு பொருளும் கொண்ட குறிப்பு, மரபுத்தொடரின் இயல்பையே உடையது. ஆனால் அப்புதிர் ஆங்கிலத்தில் ஏற்கெனவே தேர்ந்தோரின் காலைப்பொழுதுக்குரியதாகவே இருந்தது.

பனிப்பந்தும் பெங்களூர்த் திட்டமும்

விடுதலைக்குப் பின் ஆங்கிலம் கற்பித்தலில் சென்னை மாநிலம் மேற்கொண்ட பெருமுயற்சி, 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் திட்டமாகும். பயிற்சி பெற்றோர் பிறருக்குப் பயிற்றுவிக்க, அவர் மேலும் பலருக்குப் பயிற்றுவிக்கும் முறையாதலால் இது 'சென்னைப் பனிப்பந்து' எனப் பெயர் பெற்றது. 1962இல் டி. ஏ. சுமித் இதுபற்றி எழுதினார். இத்திட்டம் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தைச் சார்ந்தது. வாக்கிய அமைப்புகள் எளிமையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக அடுக்கப்பட்டன. இலக்கண விதிக்கும் சொற்பொருளுக்கும் எளிதில் அடங்காத மரபுத்தொடருக்கு இந்த அடுக்கில் இடமே இல்லை. எனவே அது மேல்வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டுத் தேர்வுக்கு முந்தைய பட்டியலாக எஞ்சியது.

இதற்கு மாற்றாக எழுந்தது என். எஸ். பிரபுவின் முயற்சி. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரையும் சென்னையையும் உள்ளிட்ட தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய ஆய்வு 'பெங்களூர்த் திட்டம்' என அறியப்படுகிறது. மொழிக்கூறுகளின் பட்டியல் எதுவும் முன்கூட்டி வகுக்கப்படவில்லை. தொடர்வண்டிக் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொண்டு மாணவர் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். தீர்க்கும் போக்கில் மொழி தானே படியும் என்பது கொள்கை. மாணவர் கவனம் பொருளின்மீது குவியும்போதே மொழி வளரும் என 1987இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். இதனை ஆலன் பெரட்டாவும் ஆலன் டேவிசும் 1985இல் மதிப்பிட்டனர். முடிவுகள் பெரும்பாலும் சாதகமாக அமைந்தன. உலகெங்கும் செயல்வழி மொழிக் கற்பித்தல் பேசப்படும்போதெல்லாம் இத்திட்டம் மேற்கோளாகிறது. ஆனால் ஓசூர் வழியாகச் சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பாலக்கோடு போன்ற ஊர்களின் பாடநூலில் அது இடம்பெறவில்லை. இவ்வாய்வு ஒரு பொதுத்தேர்வின் வினாத்தாளாக மாறக்கூடியதன்று. அதுவே அதன் தடை.

பிற்காலச் செயல்வழிக் கற்றலுக்கும் இதை ஒத்த நிலையே. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்த அம்முறையில் அட்டைகளும் கற்றல் ஏணியும் தொடக்கநிலை வகுப்புகளை விளையாட்டுக் களமாக்கின. அந்த ஏணி தொடக்கப்பள்ளியோடு நின்றது. மரபுத்தொடர் வரும் மேல்வகுப்புகளில் 'பொருத்துக', 'தெரிவு செய்க' ஆகியனவே தொடர்ந்தன.

எந்த விளையாட்டு?

விளையாட்டு என்ற அளவிலேயே எதுவும் பயன் தந்துவிடும் என்று கொள்ளுதல் தவறு. குறுக்கெழுத்து ஒரு சொல்லின் எழுத்துகளைச் சோதிக்கிறது. மரபுத்தொடரோ பிரிக்கவியலாத தொடர். கட்டங்களுக்காக அதனை உடைத்தால் கற்பிக்க வந்ததே சிதைகிறது. இடமும் வலமும் கோடிட்டுப் பொருத்தும் பயிற்சியும் ஐயத்துக்குரியது. பிராங்க் புர்ஸ் முதலியோர் 2014இல் வினை-பெயர்ச் சேர்க்கைகள்பற்றி வெளியிட்ட ஆய்வில், பொருத்தும் பயிற்சிகளால் விளையும் பயன் சிறிதே எனவும், பிழையான இணைகளும் நினைவில் தங்கிவிடக்கூடும் எனவும் கண்டனர். நடித்துக்காட்டும் விளையாட்டு சிரிப்பை வரவழைக்கும். 'கிக் த பக்கெட்' என்பதற்கு வாளியை உதைத்துக் காட்டிய மாணவர் வாளியை நினைவிற்கொண்டு சாவை மறந்துவிடவும் கூடும்.

இவற்றினும் வலுவுடையது தோற்றத்தை ஊகிக்கும் புதிர். தொடர் எந்தத் துறையிலிருந்து பிறந்திருக்கும் என்று மாணவரை முதலில் ஊகிக்கச் செய்து, பின் விடையை வழங்கினால் நினைவு கூடுகிறது என்பதைப் புர்ஸ் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'த்ரோ இன் த டவல்' குத்துச்சண்டையில் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிந்த வழக்கத்திலிருந்து வந்தது. 'ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்' மழையில் நனைந்து காயும் ஆடுகளத்தைக் குறித்தது. பின்னதைக் கிரிக்கெட் ஆடும் பாலக்கோட்டு மாணவர் ஆசிரியர்க்கு முன்பே அவிழ்த்துவிடுவார். விடுகதையின் அமைப்பும் இதுவே: மறைப்பு, ஊகம், அவிழ்ப்பு.

இவ்வூகத்தைத் தமிழிலிருந்தே தொடங்கலாம். 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்குக்குப் பின்னே பழையனூர் நீலியின் கதை இருக்கிறது. 'முதலைக் கண்ணீர்' ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பொது. 'வெள்ளை யானை' இன்று தமிழிலும் வழங்கும் பெயர்ப்பு; 'யானையைக் கட்டித் தீனி போடுவது' நம் பேச்சிலுள்ள இணை. 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பது வைக்கோல் உலர்த்தும் வெயில்நாட்டத்தைப் பேசுகிறது. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுக் காற்றைப் பேசுகிறது. ஒரே அறிவுரைக்கு ஒரு நாடு வெயிலையும் ஒரு நாடு காற்றையும் ஏன் தேர்ந்தது என்னும் வினா, நெல்லும் இராகியும் தூற்றுவதைக் கண்ட பிள்ளைக்கே முதலில் விளங்கும்.

ஓசையும் துணைபுரிகிறது. முதலெழுத்து ஒன்றிவரும் ஆங்கிலத் தொடர்கள் எளிதில் நினைவிற் பதிகின்றன எனப் புர்ஸும் லிண்ட்ஸ்ட்ரோம்பெர்க்கும் 2005இல் எழுதினர். 'பிசி ஆஸ் எ பீ', 'குட் ஆஸ் கோல்டு' போன்றன அவை. தமிழ் வகுப்பில் மோனையையும் எதுகையையும் அடிதோறும் கண்டெடுக்கப் பழகிய மாணவர்க்கு அதே பயிற்சியை ஆங்கில வகுப்பிலும் ஆடச் சொல்வதில் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடவேளையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு மட்டுமே வேண்டும். அதற்கு இடந்தரும் கால அட்டவணை அரிது.

விடுகதை கேட்கும் பாட்டி, தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும் அண்ணன், சந்தையில் தெலுங்கும் தமிழும் கலந்து விலை பேசும் தந்தை ஆகியோரிடமிருந்து பிள்ளை பெற்றுவரும் தொடரறிவு பள்ளிப் பதிவேட்டில் எங்கும் குறிக்கப்படுவதில்லை. தேர்வு வினாத்தாள் தோற்றத்தையோ ஒப்புமையையோ கேட்காதவரை, விளையாட்டு ஆடிய வகுப்பும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பட்டியலுக்கே திரும்பும். 1823இல் காம்பெல் சுட்டிய கிளி இன்னும் கூண்டில்தான் இருக்கிறது. அது பேசும் மொழி மட்டும் மாறியிருக்கிறது.